கருவாட்டு பீரோ

மெஷின் வேலை செய்துவிட்டது. ஷஹாபுதீனுக்கு அது கெட்ட செய்தி.

"பாத்தீங்களா பாய்" என்று பக்கிரி பீரோவுக்குள் கையை விட்டு ஒரு நெத்திலியை எடுத்து இரண்டாக ஒடித்துக் காட்டினான். அது அப்பளம் மாதிரி சத்தம் போட்டு ஒடிந்தது. "சர்க்காரு மூணு வருசம் டயம் குடுத்துச்சு. நாம ஒரே ராத்திரியில முடிச்சிட்டோம்."

"ம்" என்றார் ஷஹாபுதீன்.

"என்னா பாய், மூஞ்சி இப்படிப் போவுது?"

"சந்தோஷம்தான் பக்கிரி. ரொம்ப சந்தோஷமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் கிடந்த டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

முதலியார்பேட்டையில் அந்த ஷெட்டில் பதினான்கு வருடமாக அவர் இரும்பு பீரோ செய்து விற்றுக்கொண்டிருந்தவர். கல்யாணச் சீர் பீரோ என்றால் பாண்டியில் பாய் கடைதான். எண்பதுகளில் பெரிய கம்பெனிக்காரர்கள் கண்ணாடி வைத்த பீரோவைத் தவணையில் தர ஆரம்பித்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஷெட்டில் விற்காத பீரோக்கள் வரிசையாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் கடலோர நவீனத் தொழில்நுட்ப ஊக்குவிப்பு வாரியம் என்று, பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்க வைக்கும் ஒரு வாரியம் பேப்பரில் விளம்பரம் போட்டது. சிறு கம்பெனிகள் புதிய இயந்திரம் கண்டுபிடித்தால் ஆராய்ச்சி நிதி தருவார்களாம். ஷஹாபுதீன் விற்காத பீரோ ஒன்றை எடுத்தார். கீழ்த்தட்டில் ஒரு ஹீட்டர் காயில், மேலே ஒரு ஃபேன், நடுவில் புடவை வைக்கிற தட்டுகளுக்குப் பதில் கம்பி வலை. 'விரைவு மீன் உலர்த்தும் நவீன சாதனம்' என்று எழுதிப் படம் வரைந்து அனுப்பினார். வாரியம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. கடற்கரையில் வெயில் என்று ஒன்று அடிப்பதையும், அதில் கருவாடு காசில்லாமல் காய்வதையும் வாரியத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

நிதி வந்ததும் முதல் வேலையாக, மில் மூடி வேலை போன நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். தறி ஃபிட்டராக இருந்த பக்கிரி அவர்களுக்குத் தலைவன். நான்கு வீட்டு அடுப்பும் அந்த வாரியத்தை நம்பித்தான் எரிந்தது. பாய் வீட்டு அடுப்பையும் சேர்த்தால் ஐந்து.

சிக்கல் எல்லாம் வாரியத்தின் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று இருந்தது. அதற்குமேல் யார் படிப்பார்கள்? முந்தின நாள் சாயங்காலம் முதல் சோதனைக்கு மீனை அடுக்கிக் கதவைச் சாத்தியபோது ஷஹாபுதீன் முதலாளி தோரணையில் ஒரு பிரசங்கம் வேறு செய்திருந்தார்.

"இந்த மெஷினு காய வெக்கலைன்னா கிராண்ட் போச்சு. கிராண்ட் போச்சுன்னா நாலு பேரும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான். ஞாபகம் வெச்சுக்கங்க."

நான்கு பேரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் முல்லா வீதியில் இருந்த வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் மனைவி ரமீஜா அந்தக் கடிதத்தோடு வந்து நின்றாள். கான்வென்டில் பத்தாவது வரை படித்தவள். எதையும் கடைசிவரை படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு.

"மூணாம் பக்கம் பாத்தீங்களா?"

"அது சும்மா கண்டிஷன் போட்டிருப்பான்."

"அதத்தான் சொல்றேன். ஆராய்ச்சி நடக்கிற வரைக்கும் வருசா வருசம் பணம் வருமாம். மூணு வருசத்துக்கு. மெஷின் சரியா வேல செஞ்சிட்டா ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னு அர்த்தமாம். மீதிப் பணம் கெடையாது. பாராட்டி ஒரு லெட்டர் அனுப்புவாங்களாம்."

"வேல செய்யலைன்னா?"

"மனம் தளராம முயற்சி பண்ணச் சொல்லிப் பணம் அனுப்புவாங்களாம்."

அவருக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. தன் மெஷின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. அந்தக் காயிலில் வெந்நீர் வைத்தாலே கொதிக்காது. மூன்று வருடம் என்ன, முப்பது வருடமானாலும் மீன் காயாது என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினார். விடிந்து வந்து பார்த்தால் பக்கிரி நெத்திலியை ஒடித்துக் காட்டுகிறான்.

"நல்லா காஞ்சிருக்குது பாய்" என்றாள் வாசலில் கூடையோடு நின்ற தையல்நாயகி. அவள் வீராம்பட்டினத்துக்காரி. சாயங்காலம் பச்சை மீன் கொண்டுவந்து கொடுப்பாள். மறுநாள் காலை அது என்ன ஆகியிருக்கிறதோ அதை அவளே எடுத்துப்போய்க்கொள்வாள். அதுதான் ஏற்பாடு. கருவாட்டை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

"பக்கிரி, இத யாருக்கும் சொல்ல வேணாம்" என்றார் ஷஹாபுதீன்.

"நான் யாருக்கு பாய் சொல்லப் போறேன்" என்றான் பக்கிரி. டீக்கடையிலும் சவரக்கடையிலும் அதற்குள் சொல்லி முடித்திருந்தான்.

யோசனை கேட்க ஷெட்டின் சொந்தக்காரரிடம் போனார். சொல்தா முருகையன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாக, இருந்தவர். எந்த யுத்தத்தில் எந்தப் பக்கம் சுட்டார் என்று அவருக்கே மறந்துவிட்டது, ஆனாலும் பிரான்ஸ் தேசம் மறக்காமல் மாதாமாதம் பென்ஷன் அனுப்பிக்கொண்டிருந்தது. சர்க்கார் பணம் என்றால் பாண்டியில் அவரைவிட விவரம் தெரிந்தவர் கிடையாது.

"முசே, வேல முடிஞ்சுதுன்னு எந்த சர்க்காருகிட்டயும் சொல்லக் கூடாது" என்றார் சொல்தா. அவருக்கு எல்லா ஆண்களும் முசேதான். "மெஷின கெடுத்துடு."

"நானே செஞ்சத நானே எப்படிக் கெடுக்கிறது?"

"செய்யறதுக்குத்தான் இன்ஜினியரு வேணும். கெடுக்கறதுக்கு என்னா படிப்பு வேண்டிக் கெடக்குது?"

அன்று சாயங்காலம் ஆட்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஷஹாபுதீன் ஹீட்டர் காயிலைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய இஸ்திரிப் பெட்டியின் காயிலை மாட்டினார். ரமீஜா அதில் ஒரு ஜாக்கெட் தேய்க்க அரை நாள் ஆகிறது என்று மூலையில் போட்டிருந்தாள். மீனை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் காரப்பொடி மீன் சருகாகக் காய்ந்திருந்தது. பக்கிரி ஒடித்துக் காட்டினான்.

சரி, காயிலை நம்பிப் பிரயோஜனமில்லை. அடுத்த நாள் ஃபேன் இறக்கையைத் திருப்பி மாட்டினார். அதோடு விடாமல் ஒரு கோணியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட அடித்தட்டில் திணித்தார். பீரோவுக்குள் ஐப்பசி மாதம் வந்துவிட்டது. இதில் ஒரு தீக்குச்சிகூடக் காயாது என்று மனம் குளிர்ந்து வீடு போனார்.

காலையில் பக்கிரி கோணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவனோ உள்ள கோணிய வெச்சிட்டுப் போயிருக்கான் பாய்."

"மீனு?" என்றார் ஷஹாபுதீன்.

"அதுக்கென்னா, பொரபொரன்னு காஞ்சிருக்குது."

ஷஹாபுதீன் கோணியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். ஒரே பீரோ, ஒரே இரவு. கோணி நனைந்திருக்கிறது, மீன் காய்ந்திருக்கிறது. தன் மெஷின் கோணி எது, மீன் எது என்று தரம் பிரித்துக் காய வைக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பயத்தோடு பயமாக, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் முளைத்தது. வாப்பா உயிரோடு இருந்திருந்தால் பார்த்திருப்பார். தகரம் தட்டத்தான் லாயக்கு என்று சொன்ன மனிதர்.

அந்த வாரமே ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குப் போன கரண்ட் மறுநாள் பத்து மணிக்குத்தான் வந்தது. முதலியார்பேட்டை முழுக்க இருட்டு. காயில் இல்லை, ஃபேன் இல்லை. அப்போதும் மீன் காய்ந்திருந்தது. அன்றைக்குத் தையல்நாயகிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ராத்திரி கரண்ட் இல்லியா பாய்? எங்க ஊர்ல இருந்துச்சே."

"இல்ல."

"அடடா" என்றாள் அவள். பக்கிரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

இனிமேல் ஒளித்து ஆகப்போவதில்லை, பக்கிரியிடமே ஜாடையாகச் சொல்லிவிடலாம் என்று ஷஹாபுதீன் முடிவு செய்தார். அவனைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டார்.

"பக்கிரி, ஒருநாள் மெஷினு காய வெக்காம போனாக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுக்க."

பக்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க மில்லு மேனேஜரும் இப்படித்தான் பாய் தோள்ல கை போட்டுச் சொன்னாரு. மறுநாளு பதினெட்டு பேரை நிறுத்திட்டாரு."

"நான் நெஜமாத்தான் சொல்றேன்."

"அவரும் நெஜமாத்தான் சொன்னாரு. நீங்க கவலையே படாதீங்க. பதினாறு வருச சர்வீஸ்ல, ஆபீசரு உள்ள வர்ற நேரத்துல எங்க தறி நின்னதே கெடையாது. நூலு இல்லன்னாலும் சும்மாவாவது ஓடிக்கினு இருக்கும். அப்படி ஒரு செட்டு நாங்க."

மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். ஷஹாபுதீனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இப்படி விசுவாசமான ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தோற்றுப்போவது?

வாரியத்துக்கு அறிக்கை அனுப்பும் நாள் வந்தது. 'சோதனைகள் தொடர்கின்றன. பல இடர்ப்பாடுகள் உள்ளன. மனம் தளரவில்லை' என்று ரமீஜாவை எழுதச் சொல்லி அனுப்பினார். டீக்கடைச் செய்தி அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஆராய்ச்சி அதிகாரி நேரில் வந்து சோதனை செய்வார் என்று பதில் வந்தது.

டாக்டர் சந்திரகலா ஜீப்பில் வந்து இறங்கினார். டாக்டர் என்றதும் பக்கிரி தன் முழங்காலைக் காட்டி மாத்திரை கேட்டான். இது வேறு டாக்டர் என்று அவனுக்கு விளக்குவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

"ரொம்ப நல்லா வருதுன்னு கேள்விப்பட்டேன் மிஸ்டர் ஷஹாபுதீன். அறிக்கையில வேற மாதிரி இருக்கே?"

"அது சில சமயம் வரும் மேடம், பல சமயம் வராது. இன்னும் மூணு வருசம் பாடுபடணும்."

"பாத்துடுவோம். என்ன மீன் வைக்கலாம்?"

ஷஹாபுதீன் இதற்காகவே காத்திருந்தார். அன்று மதியமே மெஷினின் எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டிருந்தார். ஆனால் ஒயர் இல்லாவிட்டாலும் காய வைக்கிற மெஷின் ஆயிற்றே. அதனால் கடைசி அஸ்திரமாக ஒன்றை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்தார்.

"சுறா" என்றார்.

கூடையோடு நின்ற தையல்நாயகிக்கு முகம் வெளுத்துவிட்டது. "சுறாவா? இன்னிக்கேவா?"

"ஆமா. தடியா, துண்டு துண்டா. பத்து கிலோ."

"சுறா காய நாலு நாளு ஆவும் பாய். முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

நாலு நாள். அதுதானே வேண்டும். ஷஹாபுதீன் மனதுக்குள் அவளுக்கு நன்றி சொன்னார். அவள் எங்கிருந்தோ பச்சைச் சுறாவை வாங்கிவந்து கொடுத்துவிட்டு, காசுகூட வாங்காமல் வீராம்பட்டினம் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சந்திரகலா தன் கையாலேயே எடை போட்டு அடுக்கிக் கதவைச் சாத்தினார். இரண்டு கதவும் சேருகிற இடத்தில் அரக்கை உருக்கி வாரியத்தின் முத்திரையைக் குத்தினார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு என் முன்னாலதான் திறக்கணும்" என்றார்.

"காவலுக்கு நான் படுத்துக்கறேன் மேடம்" என்றான் பக்கிரி.

அன்றிரவு ஷஹாபுதீன் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலை எட்டு மணி. அரக்கு அப்படியே இருந்தது. பக்கிரியும் மற்ற மூவரும் கண்கள் சிவந்து வரிசையாக நின்றார்கள். தையல்நாயகி வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். சந்திரகலா முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தார்.

சுறா காய்ந்திருந்தது. கட்டையால் தட்டினால் கட்டைதான் வலிக்கும், அப்படிக் காய்ந்திருந்தது. எடை நாலு கிலோ.

ஷஹாபுதீன் சுவரைப் பிடித்துக்கொண்டார். போச்சு. நான்கு குடும்பத்தையும் தெருவில் நிறுத்தியாகிவிட்டது. பெரிய பையன் பள்ளிக்கூடம், ஷெட் வாடகை, ரமீஜா முகம் எல்லாம் ஒன்றாகக் கண்ணில் வந்தது.

சந்திரகலா கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கக் கீழே குனிந்தார். குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மிஸ்டர் ஷஹாபுதீன், ஒயர் எல்லாம் பிடுங்கிக் கிடக்கே?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. "ஆமா மேடம். நான்தான் பிடுங்கினேன். மன்னிச்சிடுங்க."

"அப்போ கரண்டே இல்லாம காயுதா?"

"அது... போன வாரமும் இல்லாமத்தான் காஞ்சுது."

சந்திரகலா மெதுவாக நிமிர்ந்தார். அவர் வாரியம் ஐந்து வருடத்தில் பதினோரு கம்பெனிகளுக்கு நிதி கொடுத்திருந்தது. பதினோரு பேரும் மனம் தளராமல் முயன்றுகொண்டிருந்தார்கள். கொடுத்த பணத்துக்கு ஒரு ஆணிகூட உருப்படியாக வெளியே வரவில்லை. பாராளுமன்றத்தில் கேள்வி வரும்போலிருந்தது.

"உங்க அடக்கத்தைப் பாத்து எனக்கு ஆச்சரியமா இருக்கு" என்றார். "இப்படி ஒன்னைக் கண்டுபிடிச்சுட்டு இடர்ப்பாடுன்னு எழுதியிருக்கீங்க. ஆராய்ச்சி இன்னியோட முடிஞ்சுது. கிராண்டை மூடிடறேன்."

ஷஹாபுதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்குப் பதிலா ஆர்டர் தர்றேன்" என்றார் சந்திரகலா.

ஷஹாபுதீன் கண்ணைத் திறந்தார்.

"பிள்ளைச்சாவடியில இருந்து கரை முழுக்க எல்லா மீனவர் ஊருக்கும் குடுக்கப் போறோம். ஆறு மாசத்துல ஐம்பது மெஷின்."

வெற்றி பெற்றவர்களுக்கான ஃபாரம் ஒன்றும் வாரியத்திடம் இருந்தது. ஐந்து வருடமாக யாரும் கேட்காததால் ஜீப்பிலேயே கிடந்து ஓரம் மஞ்சளாகிப் போயிருந்தது. ஷஹாபுதீன் இந்தத் தடவை மூன்றாம் பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒவ்வொரு மெஷினும் கரண்ட் இல்லாமல் ஒரே இரவில் சுறாவைக் காய வைக்க வேண்டும். தவறினால் இதுவரை வாங்கிய நிதி முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதானே. எத்தனை விதமாகக் கெடுத்தும் கெடாத மெஷின். அவர் சிரித்துக்கொண்டே மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் கிளம்பிப் போனது. ஷஹாபுதீன் மனம் விட்டுச் சந்தோஷப்பட்டது பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். பத்து நாளாக இந்த மெஷின் மேல் பட்ட கோபத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது போல பீரோவைத் தடவிக் கொடுத்தார். ஐம்பது பீரோ. நான்கு ஆள் போதாது, மில் ஆட்கள் இன்னும் எட்டுப் பேரைச் சேர்க்கலாம்.

"பக்கிரி, போயி அல்வா வாங்கியா. ரெண்டு கிலோ. அம்பது மெஷினுக்கு ஆர்டர் வந்திருக்கு."

பக்கிரி நகரவில்லை. நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை.

"ஏன்டா இப்படி நிக்கறீங்க? என்னா ஆச்சு?"

வாசலில் நின்ற தையல்நாயகி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடையைக் கீழே வைத்தாள்.

"அம்பதுக்கா கையெழுத்து போட்டீங்க பாய்? இந்த ஒண்ணுக்கே தெனம் விடியக்காலைல பக்கிரி அண்ணன் பின்னாடி தகட்டைக் கழட்ட, உள்ள அழுவிக் கெடக்கறத அள்ளிக் கொட்டிட்டு எங்க ஊரு மணல்ல காஞ்சத வெச்சு மூடறதுக்குள்ள என் இடுப்பு ஒடியுது. அம்பது பீரோவுக்குக் காய வெக்க வீராம்பட்டினத்துல எடம் இல்ல பாய்."